அரை மாத்திரை

வீரய்யாவுக்குப் பூனைகளைப் பிடிக்காது என்றுதான் அவருடைய மகள் நிஷாந்தினி வெகுகாலம் நினைத்திருந்தாள். தெமோதரைக்கு மேலே, தேயிலை மலைச் சரிவில் இருக்கிறது அவர்களுடைய லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். அங்கே அடுப்படிக்குள் நுழையும் பூனையை விறகுக் கட்டையைக் காட்டி விரட்டுகிறவர் அவர். மனைவி அஞ்சலை கருவாட்டுத் தலையை வாசலில் போட்டால், குடுத்துக் குடுத்துப் பழக்கி வைக்கிறாய் என்று சண்டைக்கு வருவார்.

அஞ்சலை இறந்து, காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் போன பிறகு, ஒரு மழைநாளில் சாம்பல் நிறக் குட்டி ஒன்று வாசல் திண்ணையான இஸ்தோப்பில் வந்து ஒதுங்கியது. வீரய்யா விரட்டவில்லை. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, உள்ளே போய்க் காய்ந்த சாக்கு ஒன்றை எடுத்து வந்து மூலையில் போட்டார். குட்டி அதில் ஏறிச் சுருண்டுகொண்டது.

தேயிலை ஸ்டோரில், கொழுந்தைத் தூளாக்கும் தொழிற்சாலையில், வேலை செய்து ஓய்வு பெற்றிருந்த அவருக்குப் பகலில் பேச ஆளில்லை. நிஷாந்தினிக்குத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். காலையில் போனால் மாலையில்தான் வருவாள். வந்தாலும் அப்பாவும் மகளும் சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டு அவரவர் பாயில் படுத்துக்கொள்வார்கள். அஞ்சலை இருந்தபோது அவள் பேசுவாள், இவர்கள் இருவரும் கேட்பார்கள். அவள் போன பிறகு யார் ஆரம்பிப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை.

பூனை வந்ததும் பேச ஒரு விஷயம் கிடைத்தது. மின்னி என்று பெயர் வைத்தவள் நிஷாந்தினி. வீரய்யா அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'இவ' என்றுதான் சொல்லுவார். இவ சோத்துக்குப் பக்கத்துல வைக்கிற தண்ணியத் தொட மாட்டேங்கிறா, குழாயடி வாளிக்குத்தான் போறா என்று ஒரு மாலை சொன்னார். மறுநாள் பீங்கான் கோப்பை ஒன்றில் தண்ணீர் ஊற்றி, சோற்றுத் தட்டிலிருந்து தள்ளி, ஜன்னலுக்குக் கீழே வைத்துப் பார்த்தார். குடித்தது. அன்றைக்கு மகள் வேலையிலிருந்து வருவதற்குள் பாதி வழிக்கு இறங்கி வந்து அந்தச் செய்தியைச் சொன்னார்.

தாடைக்குக் கீழே தடவினால் பிடிக்கும், வயிற்றைத் தொட்டால் கடிக்கும். வாலின் நுனி மட்டும் துடித்தால் தனியாக விட்டுவிட வேண்டும். எதிரே உட்கார்ந்து கண்ணை மெல்ல மூடித் திறந்தால் அதுவும் மூடித் திறக்கும். இப்படி ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து மகளிடம் சொன்னார். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பொழுதெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்ததில் தெரிந்துகொண்டது. நிஷாந்தினிக்கு அவர் பேசுவதைக் கேட்கவே சந்தோஷமாக இருந்தது. அம்மாவைப் பற்றி மட்டும் இருவரும் பேசுவதில்லை.

ஐப்பசி மழை தொடங்கிய சமயத்தில் மின்னி மேல் லயத்துக் கடுவன் ஒன்றோடு சண்டை போட்டுவிட்டு வந்தது. வால் தொடங்கும் இடத்தில் கடிபட்டு வீங்கியிருந்தது. சாப்பிடவில்லை. கட்டிலுக்குக் கீழே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. நிஷாந்தினி குனிந்து பார்த்துவிட்டு, ரெண்டு நாள் பார்ப்போம், தானாக ஆறிவிடும் என்றாள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போயிருந்த நேரம் வீரய்யா பூனையின் காதைத் தொட்டுப் பார்த்தார். சுட்டது. அலமாரியில் அஞ்சலையின் மருந்து டின் அப்படியே இருந்தது. அஞ்சலை ஒரு வருடத்துக்கு மேல் வயிற்று நோவோடு இருந்தவள். தோட்டத்து டிஸ்பென்சரியில் காய்ச்சலுக்கும் நோவுக்கும் கொடுக்கும் பனடோல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கொழுந்து மலைக்குப் போய் வந்தாள். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது வயிற்றுக்குள் புற்று எல்லா இடத்துக்கும் பரவியிருந்தது. மாத்திரையை விழுங்கவும் முடியாமல் போன மாதங்களில் வீரய்யாதான் அதைப் பொடித்து, கரண்டியில் கரைத்து, அவள் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொடுப்பார்.

அதே போல அன்றும் செய்தார். பூனை சின்ன உடம்பு என்று யோசித்து மாத்திரையைப் பாதியாக உடைத்தார். பொடியாக்கிப் பாலில் கரைத்து, வாயோரம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். மின்னி திமிறியது, பிறகு விழுங்கியது. மாலையில் காது குளிர்ந்திருந்தது. காய்ச்சல் இறங்கிவிட்டது என்று மகளிடம் சொன்னார். எப்படி இறங்கியது என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

காலையில் மின்னியின் முகம் ஊதிப்போயிருந்தது. முன்னங்கால்களும் வீங்கியிருந்தன. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. எச்சில் நூலாக வழிந்தது. நிஷாந்தினி லீவு சொல்லிவிட்டு, சந்தியில் ஆட்டோ ஓட்டும் ஜெஸீமைக் கூப்பிட்டாள். பிஸ்கட் பெட்டியில் துணி விரித்துப் பூனையை வைத்தார்கள். வீரய்யா பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரோடு வரைக்கும் வந்தார். ஆட்டோவில் ஏறவில்லை. ஊசி போடும்போது அது கத்தினால் தன்னால் பார்க்க ஏலாது என்று சொல்லிவிட்டு, பெட்டியை மகளின் மடியில் வைத்தார்.

பதுளைக் கடைத்தெரு முடியும் இடத்தில் மிருக வைத்தியர் குமாரசிங்கத்தின் மருந்தகம் இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்க வேலையாகப் பதுளைக்கு வந்து, ஓய்வு பெற்ற பிறகும் திரும்பிப் போகாமல் அங்கேயே இருந்துவிட்டவர். அவர் பூனையின் உதட்டை விரலால் தூக்கிப் பார்த்தார். ஈறு சிவப்பாக இல்லை. பால் விடாத பிளேன்டீயின் நிறத்தில் இருந்தது.

"பிள்ளை, இதுக்கு ஏதும் மாத்திரை குடுத்தனீங்களோ?" என்று கேட்டார்.

அவள் இல்லை என்றாள். வீட்டில் வேறு யாராவது கொடுத்திருப்பார்களா, கேட்டுப் பாருங்கள் என்றார். அவள் அப்பாவுக்குப் போன் எடுத்தாள்.

"ஆமா பாப்பா, அர பனடோல் குடுத்தேன். பாலுல கரைச்சுத்தான்" என்றார் வீரய்யா. "டாக்டர் கேட்டாரா? நல்லதுன்னாரா?"

நிஷாந்தினி போனோடு வாசலுக்கு நகர்ந்தாள். சும்மாதான் கேட்டார் என்று சொல்லிப் போனை வைத்தாள்.

குமாரசிங்கம் பூனைக்கு ஒட்சிசன் குழாயை வைத்துவிட்டு, ஒரு மருந்தின் பெயரை எழுதி, எங்கேயாவது கிடைக்குமா என்று பார்த்து வரச் சொன்னார். அவள் மழையில் பாமசி பாமசியாக ஏறி இறங்கினாள். மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் கிடைத்தது. கொண்டு வந்து கொடுத்தாள். அவர் அதைக் கொடுத்தார். கொஞ்ச நேரம் மூச்சு சீரானது போலத் தெரிந்தது. பிறகு மின்னி காலை நீட்டி ஒரு தரம் உதறியது. அவ்வளவுதான்.

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். மனிதனுடைய ஈரல் அந்த மாத்திரையை உடைத்து வெளியே தள்ளிவிடும், பூனையின் ஈரலுக்கு அந்தச் சக்தி இல்லை, அதன் இரத்தமே பழுதாகிவிடும் என்று விளக்கினார். நாய்க்கும் கொடுக்கக் கூடாது, பூனையைக் கொல்ல ஒரு துண்டே போதும் என்றார். கடித்த புண்ணாலேயே செத்திருக்கக்கூடுமா என்று அவள் கேட்டாள். அப்படித்தான் என்று சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். அந்தப் புண் ஒரு ஊசியோடு ஆறியிருக்கும் என்றார்.

"அப்பாகிட்ட என்னன்னு சொல்றது டாக்டர்?"

"அது உங்கட விருப்பம், பிள்ளை. ஆனா இன்னொரு பூனை வீட்டுக்கு வந்தா கட்டாயம் சொல்லோணும்."

இனி ஒரு பூனை வராது என்று அவள் அந்த நிமிடமே முடிவு செய்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்து, கடித்த இடத்திலிருந்து விஷம் ஏறிவிட்டது, டாக்டரால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்று சொன்னாள். வீரய்யா பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. லயத்துக்குப் பின்னால் தான் லீக்ஸ் போட்டிருந்த பாத்தியின் ஓரத்தில் குழி வெட்டினார். மண்ணைத் தள்ளி மூடும்போது, முதல் நாளே கொண்டுபோயிருக்க வேண்டும் என்றார். அது தன் மேல் சொன்ன குறையாக நிஷாந்தினிக்குப் பட்டது. ரெண்டு நாள் பார்ப்போம் என்று சொன்னது அவள்தானே.

அதன் பிறகு வீரய்யா இந்தக் கதையை லயத்தில் பலரிடம் சொன்னார். கோயிலடியிலும் கடையிலும் சொன்னார். காய்ச்சலை நான் மாத்திரை கொடுத்து இறக்கிவிட்டேன், விஷம்தான் ஏறிவிட்டது என்பார். ஒவ்வொரு முறையும் நிஷாந்தினி ஏதாவது வேலை இருப்பதுபோல எழுந்து போய்விடுவாள். அவருக்கு மிச்சமிருந்த ஆறுதல் அந்த ஒன்றுதான். அதைப் பிடுங்க அவளுக்கு மனம் வரவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் காம்பராவில் இருக்கும் விதுஷா தன்னுடைய செவலைப் பூனையை மடியில் வைத்துக்கொண்டு இவர்கள் வீட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. விதுஷாவின் புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நிற்கிறான். எதற்கும் அவள் வீரய்யாவிடம்தான் வந்து கேட்பாள். நிஷாந்தினி வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அப்பா கையில் கரண்டி இருந்தது. பூனையின் வாயைத் திறந்து பிடிக்கச் சொல்லி விதுஷாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

வாளி கீழே விழுந்தது. நிஷாந்தினி ஓடிப் போய் அவர் கையைப் பிடித்தாள்.

"காச்சலுக்குத்தான் பாப்பா" என்று அவர் சிரித்தார். "மின்னிக்கும் இதானே குடுத்தேன். ஒடனே எறங்குச்சே."

"அதுதாம்ப்பா அவளக் கொன்னுச்சு."

சொன்ன பிறகுதான் விதுஷா பக்கத்தில் இருப்பது அவளுக்கு உறைத்தது. இத்தனை மாதமாகப் பொத்தி வைத்திருந்ததை இப்படி, ஈரக் கையோடு, இன்னொருத்திக்கு முன்னால் சொல்லுவாள் என்று அவள் நினைத்ததே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொல்லியிருக்கலாம். அதற்கு எவ்வளவோ நாள் இருந்தது.

வீரய்யா கரண்டியைப் பார்த்தார். பாலை வாசலோரத்துச் சாக்கடைக் கானில் ஊற்றினார். கரண்டியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார், மறுபடியும் கழுவினார். பிறகு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். விதுஷா பூனையை அணைத்துக்கொண்டு எழுந்து போனாள். அடுத்த நாளே பதுளைக்குக் கொண்டுபோய் ஊசி போட்டதில் அந்தச் செவலைப் பூனை தேறிவிட்டது.

வீரய்யா எழுந்து நடமாடினார், பாத்திக்குத் தண்ணீர் விட்டார், ஆனால் சரியாகச் சாப்பிடவில்லை. எதைக் கேட்டாலும் ம் என்பதோடு சரி. எப்போதிருந்து உனக்குத் தெரியும் என்று ஒரு தரம் கேட்டார். அன்றைக்கே தெரியும் என்று அவள் ஒப்புக்கொண்டாள். அவர் கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் அந்தப் பேச்சை அதற்கு மேல் எடுக்கவில்லை.

இரண்டு மூன்று நாள் கழித்து அவள் வேலைக்குப் புறப்பட்டுத் தலை சீவிக்கொண்டிருந்தபோது கதவருகே வந்து நின்றார். அலமாரியில் இருந்த மருந்து டின் அவர் கையில் இருந்தது.

"அப்ப உங்கம்மாவுக்கு?" என்றார்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

"அவளுக்கும் நான்தானே கரைச்சுக் கரைச்சுக் குடுத்தேன். ஒரு அரைக்கே அது செத்துப் போச்சுன்னா, அவளுக்கு நான் எத்தன குடுத்திருப்பேன்."

நிஷாந்தினி சீப்பை வைத்துவிட்டு அவரை உட்காரவைத்தாள். மனிதருக்கு அது ஒன்றும் செய்யாது, பூனையின் உடம்பு வேறு என்று டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் ஒரு தரம் அவரிடம் உண்மையை மறைத்தவள் அவள். இப்போது சொல்வதும் தன்னைத் தேற்றுவதற்காகத்தான் என்று அவர் நினைப்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. நான் அந்த டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றார்.

சனிக்கிழமை இருவரும் பஸ்ஸில் பதுளைக்குப் போனார்கள். நாய்களோடும் பூனைகளோடும் காத்திருந்தவர்களுக்கு நடுவே, கையில் எதுவும் இல்லாமல் வீரய்யா வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். முறை வந்ததும் குமாரசிங்கத்துக்கு நிஷாந்தினியை அடையாளம் தெரிந்தது. அவள் வந்த காரணத்தைச் சொல்ல வாயெடுத்தாள். வீரய்யா கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

தான்தான் அந்த மாத்திரையைக் கொடுத்தவன் என்று தொடங்கி, அஞ்சலைக்கு வந்த நோவு, டிஸ்பென்சரி, கரண்டி எல்லாவற்றையும் அவர் வரிசையாகச் சொன்னார். அம்மாவின் நோயைப் பற்றி அப்பா இவ்வளவு பேசி நிஷாந்தினி கேட்டதில்லை. நோவு தாங்காமல் அம்மா அவருடைய வேட்டியைப் பிடித்துக் கிழித்தது, அந்த வேட்டியை அவர் மகளுக்குத் தெரியாமல் எரித்தது எல்லாம் அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

குமாரசிங்கம் பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். முடிந்ததும், அந்த மாத்திரை உங்கள் மனைவியைக் கொல்லவில்லை என்று தெளிவாகச் சொன்னார். டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் அது மனிதருக்குப் பழுதில்லை என்றார்.

வீரய்யா அதோடு எழுந்திருக்கவில்லை.

"அதப் போட்டுக்கிட்டுத்தான் அவ வேலைக்குப் போனா. நோவு தெரியல. தெரிஞ்சிருந்தா முன்னுக்கே பெரியாஸ்பத்திரிக்கு வந்திருப்போம். அப்ப பொழச்சிருப்பாளா?"

நிஷாந்தினி டாக்டரைப் பார்த்தாள். பிழைத்திருக்க மாட்டார் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது அவளுக்கு. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அதை என்னால சொல்ல ஏலாது, ஐயா. நான் மிருக வைத்தியன். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரிச் சொல்லக் கூடாது." பிறகு கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு, "கடைசி மாதங்களில நீங்கள் கரைச்சுக் குடுத்தது அவவுக்குக் கொஞ்சமெண்டாலும் நோவைக் குறைச்சிருக்கும். அது எனக்குத் தெரியும்" என்றார்.

வீரய்யா கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் கடையொன்றில் இருவரும் தேநீர் குடித்தார்கள். நிஷாந்தினிக்கு டாக்டர் மேல் கோபம் இருந்தது. பொய்யாகவேனும் ஒன்றைச் சொல்லியிருக்கலாமே என்று அப்பாவிடம் சொன்னாள். அவர் கிளாசைக் கீழே வைத்தார்.

"அந்த மனுசன் தெரியலன்னாரே, அதனாலதான் மத்ததை நான் நம்புறேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதை அவர் அவளைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. இருந்தாலும் குத்தியது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த வீரய்யா, ஆளே ஏறாத இரண்டு மூன்று நிறுத்தங்கள் போன பிறகு, சத்தமில்லாமல் அழுதார். அஞ்சலை செத்த வீட்டிலும் அவர் அழவில்லை. நிஷாந்தினி அவர் பக்கம் திரும்பாமல் அவருடைய கையை மட்டும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர்கள் வீட்டில் அதன் பிறகு பூனை வளர்க்கவில்லை. விதுஷாவின் செவலைப் பூனை சில நாள் இஸ்தோப்புக்கு வரும். வீரய்யா அதற்குத் தண்ணீர் வைப்பார், பக்கத்தில் உட்காருவார். சோறு போட வேண்டுமென்றால் விதுஷாவைக் கூப்பிடுவார். தன் கையால் எதையும் அதன் வாயில் வைக்க மாட்டார்.

கோயிலடியிலும் கடையிலும் அவர் சொல்லும் கதை மட்டும் மாறிவிட்டது. பூனை, நாய் வைத்திருக்கிற யாரைக் கண்டாலும் நிறுத்திச் சொல்லுவார். பனடோல் குடுக்காதீங்க, நான் குடுத்துத்தான் எங்க வீட்டுப் பூனை செத்துச்சு என்பார். கேட்கிறவர்கள் சங்கடப்பட்டுச் சிரிப்பார்கள். சிலர், போங்க தாத்தா, பூனைதானே என்பார்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். நாய்க்கும் ஆகாது, டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நகருவார்.

ஒரு நாள் பிள்ளைக் காம்பராவின் வாசலில், குழந்தையை விட வந்த ஒரு தாயிடமும் அவர் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நிஷாந்தினி உள்ளே இருந்து கேட்டாள். மாலையில் வீட்டுக்கு வந்ததும், மாத்திரை குடுக்கக் கூடாது என்று மட்டும் சொன்னால் போதுமே, நான் கொன்னேன் என்று ஏன் ஊரெல்லாம் சொல்ல வேண்டும், எனக்குக் கேட்க முடியவில்லை என்றாள்.

வீரய்யா மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"சும்மா சொன்னா கேக்க மாட்டாங்க, பாப்பா. இதச் சொன்னாத்தான் கேக்குறாங்க" என்றார். மண்வெட்டியைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு, சோறு ஆயிற்றா என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார்.